குதிங்கால் படாத அடி

அம்மாக்கண்ணுவ நான் ஒரு வருசம் கம்பெனியோட வேவுக்காரின்னு நெனச்சிக்கிட்டு இருந்தேன். இத மொதல்லயே சொல்லிடறேன். கடைசியில சொன்னா, மன்னிப்பு கேக்கறதுக்குன்னே எழுதினான்னு ஆயிடும். நான் மன்னிப்பு கேக்க எழுதல. நடந்தது இன்னான்னு சொல்ல எழுதறேன்.

எண்பதாம் வருசம் வாக்குல வாணியம்பாடி பக்கம் தோல் பதனிடற ஷாப்புங்க சிலது ஷூ கம்பெனியா மாறிச்சு. வெளிநாட்டுப் பொம்பளைங்க போடற ஷூ. நம்ம பொம்பளைங்க வெறுங்கால்ல வேலைக்கு வந்து, அவங்களுக்கு பென்சில் ஹீல் தெச்சி அனுப்பினாங்க. நான் அப்ப தோல் தொழிலாளர் சங்கத்துல முழுநேர ஆளு. நோட்டீஸ் எழுதறது, கேட்டுல நின்னு கொடுக்கறது, அடி வாங்கறது, மறுபடி கொடுக்கறது. சந்தேகப்படறதுதான் எங்க தொழில். மொதலாளி டீ வாங்கிக் கொடுத்தா ஏன்னு கேக்கணும். ஒரு தொழிலாளிக்கு மட்டும் நாற்காலி போட்டா ரெண்டு தடவ கேக்கணும்.

அம்மாக்கண்ணுவுக்கு நாற்காலி போட்டிருந்தாங்க. மாடியில, சமுக்காளம் விரிச்ச ரூம்புல.

புதூர்நாட்டு மலைக்காரி. இருவத்திரண்டு வயசு இருக்கும். அஞ்சாங்கிளாஸ் படிச்சவ. புருசன் சடையன் மலையில சாமை வெதைச்சிக்கிட்டு இருந்தான், நாலு வயசுல ஒரு பொண்ணு. இவ வாரம் பூரா கீழ, இன்னும் நாலு பொம்பளைங்களோட ஒரு வாடகை ரூம்புல. சனிக்கெழம சாயந்தரம் மலைக்குப் போவா, திங்கக்கெழம காலையில எறங்கி வருவா. கீழ நூத்தம்பது பொம்பளைங்க தெச்சிக்கிட்டும் ஒட்டிக்கிட்டும் கெடக்கறப்ப, இவ மட்டும் ஒம்போது மணிக்கு நேரா மாடிப்படி ஏறிப் போவா. கையில தோல் ஒட்டற சொல்யூஷன் கறை கெடையாது. தையல் செக்ஷன் சம்பூர்ணம் இவளுக்கு 'மாடி மகாராணி'ன்னு பேரே வச்சிட்டா.

ஒருநாள் கேட்டுல மடக்கினேன்.

"இன்னா வேலம்மா உனக்கு?"

"தைக்கறேன்."

"கையில ஊசி பட்ட காயமே காணமே?"

"நல்லா தைக்கறேன். அதான் படல."

சொல்லிட்டுப் போய்ட்டா. போற நடையப் பாத்தேன். இடுப்ப பின்னால தள்ளி, மாரு முன்னால நிமுத்தி, விரல்நுனியில போறா. மலைக்காரிக்கு இந்த நடை ஏதுன்னு எனக்கு எரிஞ்சது. "பாத்தீங்களா மினுக்கல" அப்டின்னா சம்பூர்ணம். ஆமான்னேன். அவ பேர ஒரு நோட்டுல எழுதி, பக்கத்துல கேள்விக்குறி போட்டேன்.

அந்தக் கேள்விக்குறிய அழிச்சது நசருல்லா பாய். கம்பெனியில கட்டை செதுக்கறவரு. கட்டைன்னா, காலு மாதிரியே மரத்துல செதுக்கின அச்சு. அது மேல தோல இழுத்து அடிச்சாதான் ஷூ. பாய் சங்கத்துல சேர மாட்டாரு, ஆனா பொய்யும் சொல்ல மாட்டாரு. ஒரு வெள்ளிக்கெழம தொழுகை முடிஞ்சி வந்தவரு என்னத் தேடி டீக்கடைக்கே வந்துட்டாரு. கையில ஒரு துணிப்பை.

"அந்த மலைப் பொண்ண நீங்க வேவுன்னு சொல்லிக்கிட்டு இருக்கீங்களாமே?"

"இல்லன்னா இன்னா பாய்?"

"வேவு இல்ல. அளவு."

அப்புறம் சொன்னாரு. புது மாடல் ஒவ்வொண்ணுக்கும் மொதல்ல ஒரு சாம்பிள் ஷூ வரும். முப்பத்தேழாம் நம்பர். அத ஒருத்தி போட்டு நடந்து காமிக்கணும், படி ஏறி எறங்கணும், வாங்க வந்த ஆளுங்க முன்னால திரும்பித் திரும்பி நிக்கணும். எங்க கடிக்குது, எங்க வழுக்குதுன்னு சொல்லணும். வாணியம்பாடியில எந்த வூட்டுப் பொண்ணு நாலு ஆம்பளைங்க முன்னால கால நீட்டுவா? வெளியூர்ல இருந்து வேலைக்கு வந்த நாப்பது பேரு காலு அளந்ததுல இவ காலு நீளம் சரியா இருந்திச்சு. மலைக்காரி, நாள் பூரா நடந்தாலும் ஒக்காரணும்னு கேக்க மாட்டா. வெளிய மூச்சு விட்டா வேல போச்சு, மாடல போட்டிக் கம்பெனிக்காரன் திருடிடுவான்னு சொல்லி வச்சிருக்காங்க. அதான் தைக்கறேன்னு பொய்.

"சரி பாய், நடக்கறதுல இன்னா வந்துச்சு?"

பையில இருந்து ரெண்டு காகிதம் எடுத்தாரு. அவ கால காகிதத்து மேல வச்சி பென்சில்ல சுத்தி வரைஞ்சது. மொதக் காகிதம் அவ வேலைக்கு வந்த நாளு. விரலுங்க விசிறி மாதிரி விரிஞ்சி கெடந்திச்சு. ரெண்டாவது போன வாரம் வரைஞ்சது. கட்ட விரலு உள்ளே சாஞ்சி பக்கத்து விரலு மேல ஏறியிருக்கு, சுண்டு விரலு உள்ளே மடங்கியிருக்கு. மொத்தத்துல ஒரு கூம்பு.

"குதிங்கால மூணு இஞ்சு தூக்கி வச்சா பாரம் பூரா சரிவுல எறங்கி விரலு மேல ஒக்காரும். விரலு முன்னால கூம்பு மூக்கு. போவ எடமில்ல. ஒடம்பு முன்னால கவுந்துடக் கூடாதில்ல? அதுக்கு முதுக வளைச்சி பின்னால இழுக்கணும். மூட்டு மேல பாரம் ஏறும். கெண்டைக்காலுக்குக் கீழ இருக்கற பெரிய நரம்பு எந்நேரமும் சுருங்கியே கெடக்கும். ஒரு வருசம் சுருக்கி வச்சா, அதுதான் தன்னோட நீளம்னு அது நெனச்சிக்கும். ஷூவ கழட்டினாக்கூட குதிங்கால் தரைக்கு வராது."

"கம்பெனிக்கு இது தெரியுமா?"

பாய் சிரிச்சாரு. நல்ல சிரிப்பு இல்ல. "தெரியாம இன்னா? மொதல்ல பத்து சாம்பிள்ள ஆறு கடிக்குதுன்னு சொல்லுவா. இப்ப பத்தும் பாஸ். ஷூவுக்குத் தக்கபடி காலு ஆயிடுச்சில்ல. காலப் பாத்து கட்டை செதுக்கணும்னு எங்க வாப்பா சொல்லிக் கொடுத்தாரு. இங்க கட்டையப் பாத்து காலு செதுக்கறாங்க."

அதுக்கப்புறம்தான் வந்த காரியத்தச் சொன்னாரு. மலையில இவ மேல ஊர்க்கூட்டம் போட்டிருக்காங்க, வர்ற ஞாயித்துக்கெழம. சந்தனக்கட்டை கடத்தறவங்களோட இவளுக்குத் தொடுப்புன்னு பேச்சு. முந்தின மாசம்தான் பக்கத்து ஊர்ல சந்தனக் கேசுன்னு ரெண்டு பேர போலீசுல இழுத்துக்கிட்டுப் போனாங்க, ஒருத்தன் இன்னும் நிமிந்து நடக்கல. அந்த பயம் ஊருக்கு. குத்தம்னு முடிவாச்சின்னா இவள ஊர விட்டுத் தள்ளி வச்சிடுவாங்க. கெணத்துல தண்ணி கெடையாது, நல்லது கெட்டதுக்கு ஆளு வராது, பெத்த பொண்ணும் அப்பன் வூட்டோட நின்னுடும். இவ இன்ன வேலதான் செய்யறான்னு ஒரு கடுதாசி கொடுங்கன்னு பாய் ஆபீசுல கேட்டிருக்காரு. மாடல் ரகசியம், கொடுக்க முடியாதுன்னுட்டாங்க.

"நீங்க போங்க. பேசத் தெரிஞ்ச ஆளு நீங்கதான்." பையில ஒரு பென்சில் ஹீல் ஷூ இருந்திச்சு. கறுப்பு, ஒத்தை, தையல் கோணி ரிஜெக்ட் ஆனது. "இத காமிங்க. புரிஞ்சுக்குவாங்க."

சனிக்கெழம ஷிப்டு முடிஞ்சி அம்மாக்கண்ணு வெளிய வந்ததும், ஊர்க்கூட்டத்துக்கு நானும் வர்றேன்னு சொன்னேன். மொகம் சுண்டிப்போச்சு.

"நீங்க வராதீங்க சார். வந்தா இன்னும் கெட்டுடும்."

ஏன்னு கேட்டேன். பஸ் ஸ்டாண்டு பக்கம் திரும்பி நடந்தா. மறைக்க ஏதோ இருக்குன்னு என் புத்தி சொல்லிச்சு. அவ பஸ்ஸு ஏறிட்டா. நான் திருப்பத்தூர்ல தங்கிட்டு, ஞாயித்துக்கெழம மொத ஜீப்புல பின்னாலயே போனேன்.

ஜீப்பு நிக்கற எடத்துல இருந்து ஊருக்கு அரமணி நேரம் ஏத்தம். கடைசி சரிவு செங்குத்து, மாவு மாதிரி செம்மண்ணு. முந்தின நாள் சாயந்தரம் ஏறினவங்க அடி எல்லாம் மேல் பாத்து பதிஞ்சிருக்கு. அதுக்கு மேல, கடைசியா, ஒரு ஒத்தை ஆளு அடி மட்டும் கீழ் பாத்து இருந்திச்சு. பொம்பள அடி. விரலு ஆழமா ஊணியிருக்கு, குதிங்கால் தடமே இல்ல. கட்ட விரலு உள்ளே சாஞ்சிருக்கு. காகிதத்துல பாத்த அதே காலு. நேத்து சாயந்தரம் மேல ஏற வேண்டியவ, எதுக்குக் கீழ ஓடினா? யாரப் பாக்க? நசருல்லா என்ன முட்டாளாக்கிட்டாரான்னு கூட நெனச்சேன். எனக்கு நானே புத்திசாலி.

சரிவு முடியற எடத்துல ஊரோட கல்லு சாமி, அதத் தாண்டினா களத்துமேடு. முப்பது வூட்டு ஜனமும் அங்கதான். அம்மாக்கண்ணு ஓரமா நின்னா, ஒரு கல்லு மேல குதிங்கால ஏத்தி வச்சிக்கிட்டு. ஊர்க்கவுண்டர் கோபால்சாமி என்ன மேலயும் கீழயும் பாத்தாரு.

"யாருங்க நீங்க?"

"வாணியம்பாடி. சங்கத்துல இருந்து வர்றேன்."

"இன்னா சங்கம்? சந்தன சங்கமா?"

யாரும் சிரிக்கல. சடையனோட அக்கா மங்கம்மாள் எழுந்து நின்னா. "பேச்செடுக்கறதுக்கு முன்னால ஒரு ஆளு வந்து குதிச்சிட்டான் பாருங்க. ஜீப்ப எங்கடா நிறுத்தி வச்சிருக்க?"

அம்மாக்கண்ணு என்ன ஒரு பார்வ பாத்தா. நான் சொன்னேன்ல, அப்டின்ற பார்வ.

கவுண்டர் ரங்கனக் கூப்பிட்டாரு. காணாமப் போன மாட்ட அடி பாத்தே கண்டுபுடிச்சிக் கொண்டாரவன் ரங்கன். இது சென ஆடு, இது நொண்டி, இது நேத்து காலையில போனதுன்னு மண்ணப் பாத்து சொல்லுவான். அவன் சொன்னா ஊருக்கு அது கோர்ட்டு.

"எட்டு வாரமா பாக்கறேன் கவுண்டரே. திங்கக்கெழம இவ எறங்கற அடி இருக்கு, சரி. சனிக்கெழம நம்ம ஜனத்தோட ஜீப்புல வந்து எறங்கறா. 'நீங்க முன்னால போங்க, நான் வர்றேன்'ங்கறா. அப்ப ஏறின அடி இருக்கணும்ல? ஒரு வாரம் கூட இல்ல. இருக்கறது எறங்கின அடிதான். அதுவும் குதிங்கால் படாம. ஓடறவதான் அப்படி ஊணுவா."

"அப்ப வூட்டுக்கு எப்படி வர்றா?"

"கூப்பு ரோடு ஒண்ணுதான் இருக்குது. மரம் ஏத்தற வண்டிங்க வர்ற ரோடு. அதுல எவன் வண்டியிலயோ வர்றா. வந்ததும் சரிவுல எறங்கி ஓடி யாருக்கோ சேதி சொல்றா. நேத்தும் ஓடியிருக்கா. போய்ப் பாருங்க."

நானே பாத்துட்டுதான் வந்திருந்தேன்.

"சொல்லுடி" அப்டின்னான் சடையன். அவன் கோவமா இல்ல, பயந்துபோயிருந்தான். "கம்பெனியில இன்னாதான் செய்யற? தைக்கறேன்ன. கிழிஞ்ச என் சட்டய ஒரு வாட்டி தெச்சிருக்கியா?"

"தைக்கல. நடக்கறேன்."

"நடக்கறதுக்கு சம்பளமா?" மங்கம்மாள் கைய தட்டினா. "எங்க ஆட்டையும் சேத்துக்கச் சொல்லேன், அதுவும் நாளெல்லாம் நடக்குது!"

இப்ப சிரிச்சாங்க. இதுதான் நேரம்னு பையில இருந்து ஷூவ எடுத்தேன். இதப் போட்டுதான் நடக்கறா, இதனாலதான் காலு இப்படி ஆச்சின்னு, கேட்டு மீட்டிங்குல பேசற மாதிரி அஞ்சு நிமிசம் பேசினேன். ஷூ கை மாறி கை மாறிப் போச்சு. ஒரு கெழவன் மோந்து பாத்தான். கவுண்டர் ஹீல தரையில குத்தினாரு, ரெண்டு இஞ்சு உள்ள போச்சு.

"வள்ளிக்கெழங்கு தோண்டலாம் இதுல."

"இத எந்த ஊர்ல போடறாங்க?"

"வெளிநாட்டுல."

"அங்க மலை கெடையாதா?"

"இருக்கும். அவங்க கார்ல போவாங்க."

"கார்ல போறவளுக்கு இன்னாத்துக்கு ஷூ?"

மறுபடி சிரிச்சாங்க. ரங்கன் மட்டும் சிரிக்கல. ஷூவ வாங்கி புழுதியில அழுத்தினான், தூக்கிப் பாத்தான். ஒரு முக்கோணம், பின்னால ஒரு புள்ளி.

"இதப் போட்டு நடந்தா இப்படித்தானே விழும்? சரிவுல இருக்கறது வெறுங்கால் அடியாச்சே. இந்த ஆளு யார ஏமாத்த இத தூக்கிக்கிட்டு வந்திருக்கான்?"

ஜனம் என் பக்கம் திரும்பிச்சு. என் சாட்சி அவளுக்கே எதிர்சாட்சி ஆயிடுச்சு. அவ வராதீங்கன்னு சொன்னது சரிதான்.

அப்பதான் அம்மாக்கண்ணு பேசினா.

"ரங்கண்ணா, அத இங்க யாரும் போட்டு நடக்கல. அதப் போட்டுப் போட்டு ஆன காலுதான் இங்க நடக்குது. நான் ஏறிக் காட்டறேன். நீ அடி பாரு."

சரசரன்னு சரிவுல எறங்கினா. எறங்கறதுல ஒரு கஷ்டமும் தெரியல, விரல்நுனி அதுபாட்டுக்கு ஊணிச்சு. நூறு அடி கீழ போய் நின்னு, எங்களப் பாத்து ரெண்டு அடி மேல வச்சா. ஏத்தத்துல குதிங்கால் கீழ போவணும், இல்லன்னா காலு நிக்காது. அவளுக்குப் போவல. மூணாவது அடியில பல்லக் கடிச்சிக்கிட்டு கெண்டைக்காலப் புடிச்சிக்கிட்டா. அப்புறம் திரும்பினா. முதுக எங்களுக்குக் காட்டி, மொகம் கீழ பாத்து, பின்னாலயே அடி வச்சி ஏற ஆரம்பிச்சா. அப்ப காலு கீழ் பாத்து சாஞ்சிடுது, நரம்பு இழுக்கல. ஒவ்வொரு அடியா, கைய பின்னால தொழாவிக்கிட்டு, கைக்குக் கெடச்ச செடியப் புடிச்சி ஏறினா.

ஜனத்துல சலசலப்பு. ஒரு பொம்பள கன்னத்துல போட்டுக்கிட்டா. சரிவு ஏறினா எதிர்ல கல்லு சாமி. சாமிய பாத்துக்கிட்டே ஏறணும், முதுக காட்டக் கூடாதுன்றது அந்த ஊர்ல சின்னக் கொழந்தைக்கும் தெரியும். அதான் எல்லாரையும் முன்னால அனுப்பிட்டு, கண்ணு மறைவுல ஏறியிருக்கா. சந்தனத்துக்குப் பயந்து மறைக்கல. சாமிக்கு முதுகு காட்டறோமேன்னு மறைச்சிருக்கா.

மேல வந்து சேந்தவ மூச்சு வாங்க நின்னா. ரங்கன் சரிவுல எறங்கி குந்திக்கிட்டான். புது அடியப் பாத்தான். தள்ளி நேத்தைய அடியப் பாத்தான். ரெண்டோட ஆழத்தையும் விரல விட்டு அளந்தான்.

"சொல்லுடா ரங்கா" அப்டின்னாரு கவுண்டர்.

"ரெண்டும் ஒண்ணுதான். எறங்கினது இல்ல, ஏறினது." அவன் எழுந்து நின்னான், மொகம் செவந்துபோயிருந்திச்சு. "ஓடறவ மண்ண பின்னால வாரி எறிவா. இந்த அடியில மண்ணு எறியல. மொத வாரமே பாத்தேன் கவுண்டரே. பாத்துட்டு, ஓடினாதான் குதிங்கால் படாதுன்னு நானே மனசுல முடிவு கட்டிட்டேன்."

இவ்வளவு நேர்மையா ஒருத்தன் தப்ப ஒத்துக்கிட்டத நான் எந்தப் பேச்சுவார்த்தையிலயும் பாத்ததில்ல. எங்க பக்கத்துலயும் சேத்துதான் சொல்றேன்.

சடையன் எழுந்து வந்து அவ முன்னால குந்தினான். அத்தன பேரு முன்னால பொண்டாட்டி காலத் தொட்டான். குதிங்கால ரெண்டு கையாலயும் புடிச்சி கீழ அழுத்தினான். அவ "ஆ"ன்னா. அது எறங்கல.

"ஏண்டி எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா பேய் அடிச்சிருக்குன்னு உங்க அக்கா வேப்பெல கொண்டாருவா."

மங்கம்மாள் வேற எங்கயோ பாத்தா.

கவுண்டர் முடிவு சொன்னாரு. தள்ளி வைக்கறது இல்ல. சாமிக்கு முதுகு காட்டினதுக்கு ஒரு தேங்கா ஒடைக்கணும். "இன்னொண்ணு. இனிமே கீழ வேலைக்குப் போவக் கூடாது. கால கெடுத்துக்கிட்டு இன்னா சம்பாத்தியம்?"

எல்லாரும் சரின்னாங்க. சடையன் கூட தலைய ஆட்டினான். நானும் சரிதான்னு நெனச்சேன்.

"நான் ஊர்ல இருக்கலாமா வேணாமான்னு நீங்க சொல்லியாச்சு மாமா" அப்டின்னா அம்மாக்கண்ணு. "தேங்கா ஒடைக்கறேன். வேலைக்குப் போவறதா வேணாமான்னு நான் சொல்றேன். போவேன். அந்தச் சனியன மட்டும் போட மாட்டேன்."

திங்கக்கெழம மாடிக்குப் போவல. நேரா தையல் செக்ஷன்ல சம்பூர்ணம் பக்கத்துல ஒரு மிஷின்ல ஒக்காந்துட்டா. மேனேஜர் எறங்கி வந்தாரு.

"யாரு தூண்டி விட்டது? யூனியனா?"

"எங்க ஊரு சரிவு தூண்டி விட்டுச்சி சார்."

"சாம்பிள் யாரு போட்டு காட்டறது?"

"கட்டைக்குத்தானே அளவு எடுத்தீங்க. அந்தக் கட்டையவே நடக்க வுடுங்க."

ரெண்டு மாசம் இழுத்தடிச்சாங்க. நாங்க கேட்டுல நின்னோம். தையல்ல வச்சிக்க ஒத்துக்கிட்டாங்க. ஆனா இத ஜெயிச்சோம்னு எழுத மாட்டேன். மாடி ரூம்புக்கு ஒடுகத்தூர் பக்கத்துல இருந்து வேற ஒரு பொண்ணு வந்தா. பதினெட்டு வயசு, முப்பத்தேழு நம்பரு. அம்மாக்கண்ணு அவள தண்ணிக் கொழாய்கிட்ட நிறுத்தி கால காமிச்சி சொல்லியிருக்கா. அந்தப் பொண்ணு மூணு மாசத்துல நின்னுட்டா. அப்புறம் இன்னொருத்தி வந்தா.

சங்கத்துல அம்மாக்கண்ணு சேந்தாளான்னு கேப்பீங்க. சேரல. ரெண்டு தடவ கேட்டேன்.

"ஒரு வருசம் என்ன வேவுக்காரின்னு எழுதி வச்சிருந்தீங்களாமே. சம்பூர்ணம் சொன்னா."

"தப்புதான்மா."

"தப்புதான்னு சொல்ல ரங்கண்ணாவுக்கு அரநாள் ஆச்சு. உங்களுக்கு எத்தன மாசம் ஆச்சு? இன்னும் கொஞ்ச நாள் பாக்கறேன்."

எண்பத்தி நாலுல ஹீல் ஷூவப் பத்தி ஒரு நோட்டீஸ் போட்டேன். 'பெண்களின் முதுகை ஒடிக்கும் பென்சில் ஹீல்!' அப்டின்னு கொட்ட எழுத்துல தலைப்பு. கேட்டுல எல்லாரும் வாங்கி மடிச்சி வச்சிக்கிட்டாங்க. அம்மாக்கண்ணு அங்கயே நின்னு ஒவ்வொரு வரியா படிச்சா. படிச்சிட்டு திருப்பி எங்கிட்டயே நீட்டினா.

"ஒடிக்கும்னு போட்டிருக்கீங்க. ஒடிக்காது, வளைக்கும். ஒடிச்சா அன்னிக்கே வெளிய தெரிஞ்சிடுமே. மாத்திப் போட்டுட்டு வாங்க, வாங்கிக்கறேன்."